டிக்கெட் காசை விடுங்கள், அந்த வீடியோவைக் கவனியுங்கள்

கேள்வி: வியாசர்பாடியில் இருக்கிறேன், வயது 24. ஒரு பெரிய ஆங்கில சாகசப் படத்தின் மூன்றாம் பாகத்தைத் தமிழ் டப்பிங்கில் நண்பர்களோடு எங்கள் ஏரியா தியேட்டரில் பார்த்தேன். 2 மணி 50 நிமிடம். யார் யாருக்குத் துரோகம் செய்கிறார்கள் என்றே புரியவில்லை. டிரெய்லரில் காட்டிய கப்பல் சண்டை படத்தில் இல்லை. இடைவேளைக்கு அப்புறம் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள், மீதிப் பேர் "முடிங்கப்பா" என்று கத்தினார்கள். அதையெல்லாம் போனில் எடுத்தேன். கிளைமாக்ஸில் மட்டும் போனைத் திரைப் பக்கம் திருப்பி இரண்டு நிமிடம் எடுத்தேன். மேனேஜரிடம் காசைத் திருப்பிக் கேட்டதற்குச் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினார். வீடியோவை "கிளைமாக்ஸ் இதான், யாரும் போய் ஏமாறாதீங்க" என்று தலைப்பு வைத்து யூடியூபில் போட்டேன், நண்பர்களின் டெலிகிராம் குரூப்பிலும் போட்டேன். யூடியூப் அதை நீக்கிவிட்டது. இப்போது படக் கம்பெனி வக்கீல் 2 லட்சம் நஷ்டஈடு, 7 நாளில் உறுதிமொழிக் கடிதம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். நான் நுகர்வோர் கோர்ட்டில் வழக்குப் போட நினைக்கிறேன். பேச்சுரிமை என்று ஒன்று இல்லையா?

பதில்: படம் நீளம், கதை குழப்பம், தியேட்டரே தூங்கியது. இதில் எதுவும் வழக்கு ஆகாது. படத்தின் நீளம் டிக்கெட் எடுக்கும் ஆப்பிலேயே போட்டிருக்கும், சென்சார் சான்றிதழிலும் வரும். தெரிந்துதான் உட்கார்ந்தீர்கள். டிரெய்லரில் வந்த காட்சி படத்தில் இல்லை என்பதும் நிற்காது. டிரெய்லரில் வந்த பாட்டு படத்தில் இல்லை என்று ஒரு இந்திப் படத்தின் மேல் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. முன்னோட்டம் என்பது வாக்குறுதி ஆகாது, அதனால் சேவைக் குறைபாடும் இல்லை என்று 2024 ஏப்ரலில் தீர்ப்பு வந்துவிட்டது. சட்டையைப் பிடித்தது தப்புதான், ஆனால் இன்றைக்கு அது உங்கள் பிரச்சினை இல்லை.

உங்கள் பிரச்சினை அந்த இரண்டு நிமிடம்.

படம் மோசம் என்று பெரம்பூர் டீக்கடையில் நின்று மணிக்கணக்கில் பேசி வீடியோ போடுங்கள், யாரும் உங்களைத் தொட முடியாது. தியேட்டருக்குள் திரையைப் பதிவு செய்வது வேறு விஷயம். 2023இல் சினிமட்டோகிராப் சட்டத்தைத் திருத்தி 6ஏஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அனுமதியில்லாத நகலை எடுக்கும் அல்லது பரப்பும் நோக்கத்தோடு தியேட்டருக்குள் பதிவு செய்தால் குற்றம். முழுப் படமாக இருக்க வேண்டியதில்லை, ஒரு பகுதி போதும். குறைந்தது 3 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. அபராதம் 3 லட்சத்தில் தொடங்கி, ஆடிட்டர் சரிபார்த்த மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம். இது தவிரப் பதிப்புரிமைச் சட்டம் 63ஆம் பிரிவும் இருக்கிறது. அதில் வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம், ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொல்லியிருக்கிறது.

விமர்சனத்துக்காக நியாயமான அளவில் எடுத்தாள அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விலக்கு தருகிறது, 2023 திருத்தமும் அந்த விலக்கை ஏற்கிறது. பேச்சுரிமை என்று நீங்கள் கேட்பதற்குச் சட்டத்தில் உள்ள இடம் அதுதான். ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் உங்கள் குரல் இருக்கிறதா? ஒரு வார்த்தை விமர்சனம் உண்டா? தலைப்பே "கிளைமாக்ஸ் இதான்" என்கிறது. விமர்சனம் என்று நீங்கள் வாதாடும்போது எதிர்த்தரப்பு அந்தத் தலைப்பைத்தான் எடுத்துப் படிக்கும். அதுவும் எப்போது? போன் பறிமுதல் ஆகி, ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் நடந்து தேய்ந்த பிறகு.

இப்போது நீங்கள் செய்ய நினைக்கும் காரியத்துக்கு வருகிறேன். நுகர்வோர் புகாரில் எதை இணைப்பீர்கள்? டிக்கெட்டை. அதில் காட்சி நேரம் இருக்கும், சீட் நம்பர் இருக்கும். கூடவே "அன்று அந்தக் காட்சியில் நான் இருந்தேன்" என்று உங்கள் கையெழுத்தோடு ஒரு பிரமாணப் பத்திரம். இன்றைக்கு அவர்கள் கையில் ஒரு சேனல் பெயரும் ஒரு வீடியோவும் இருக்கின்றன. அதை எடுத்த கை உங்களுடையது என்று அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். சில நூறு ரூபாய் டிக்கெட் காசுக்காக அந்த நிரூபணத்தை நீங்களே எழுதிக் கொடுக்கப் போகிறீர்கள். வேண்டாம்.

அடுத்தது போன். நோட்டீஸ் போட்ட வக்கீல் ஆபீசுக்குப் போன் போட்டுக் கெஞ்சுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மூலக்கடைப் பக்கத்துப் பையன் ஒருவன், "ஃப்ரெண்ட்ஸுக்கு அனுப்பத்தான் சார் எடுத்தேன், காசுக்கு இல்ல" என்று வாய்ஸ் மெசேஜ் போட்டுவிட்டு என்னிடம் வந்தான். அவனைப் பொறுத்தவரை அது மன்னிப்பு. பரப்பும் நோக்கத்தோடு எடுத்தேன் என்று அவன் வாயாலேயே சொன்னதாகத்தான் எதிர்த்தரப்பு அதை எடுத்துக்கொண்டது. அதனால் பேசாதீர்கள், எழுதாதீர்கள், நோட்டீஸைப் படம் எடுத்துக் கிண்டல் வீடியோவும் போடாதீர்கள்.

யூடியூபில் எதிர் அறிவிப்பு, அதாவது நீக்கியது தப்பு, வீடியோவைத் திரும்பப் போடுங்கள் என்ற மனு, கொடுக்கச் சொல்லி நண்பர்கள் தூண்டுவார்கள். அதில் உங்கள் முழுப் பெயரும் முகவரியும் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால், வீடியோ திரும்ப வராமல் தடுக்கக் கம்பெனி 10 வேலை நாளுக்குள் வழக்குப் போட்டதைக் காட்டியாக வேண்டும். சும்மா இருக்கிறவர்களை நீங்களே கோர்ட்டுக்கு அழைக்கிற மாதிரி ஆகிவிடும்.

என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது டெலிகிராம்தான். யூடியூபில் போனது போய்விட்டது. குரூப்பில் போட்டதை யார் யாருக்கு அனுப்பினார்கள் என்று உங்களுக்கே தெரியாது. டிஜிட்டல் திரையிடலில் கண்ணுக்குத் தெரியாத வாட்டர்மார்க் ஓடும். எந்தத் திரை, எந்த நேரம் என்று அதிலிருந்து எடுத்துவிடுவார்கள். உங்கள் துண்டு ஏதாவது பைரசி சைட்டில் தலைகாட்டினால் போலீஸ் முதலில் தியேட்டருக்குத்தான் போகும். தன் மேல் பழி வராமல் இருக்க தியேட்டர்க்காரர் சிசிடிவியையும் புக்கிங் விவரத்தையும் எடுத்துக் கொடுப்பார். நீங்கள் சண்டை போட்டதால் மேனேஜருக்கு உங்கள் முகமும் நன்றாக ஞாபகம் இருக்கும்.

குரூப்பில் இருப்பதை இன்றே எல்லோருக்கும் சேர்த்து நீக்குங்கள், நீக்கியதற்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஆனால் போனில் இருக்கும் மூலப் பதிவை அழிக்காதீர்கள். பயத்தில் போனையே ரீசெட் செய்துவிட்டு வருகிறார்கள். சாட்சியம் ஆகக்கூடிய மின்னணுப் பதிவை அழிப்பது பி.என்.எஸ். என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 241ஆம் பிரிவின்படி தனிக் குற்றம். தவிர, எடுத்தது இரண்டே நிமிடம்தான், மற்றதெல்லாம் தூங்கும் ரசிகர்கள் என்று காட்ட உங்களிடம் இருக்கும் ஒரே சான்றும் அதுதான்.

நேராகச் சொல்கிறேன், சமாதானமாகப் போங்கள். அதுவும் எஃப்.ஐ.ஆர். விழுவதற்கு முன்னால். விழுந்துவிட்டால் கம்பெனியே மனம் மாறினாலும் ஐகோர்ட்டில் மனுப் போட்டு ரத்து வாங்க வேண்டும், அந்தச் செலவு உங்களுக்குத் தாங்காது. 2 லட்சம் என்பது கேட்கும் தொகை. வியாபார நோக்கம் இல்லாத சின்னச் சேனல் என்றால், வீடியோ நீக்கம், இனி செய்ய மாட்டேன் என்ற உறுதி, ஒரு சிறு செலவுத் தொகை என்ற அளவில் முடிந்த விவகாரங்கள் உண்டு.

அவர்கள் அனுப்பிய உறுதிமொழி வாசகத்தில் அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். "தெரிந்தே", "பரப்பும் நோக்கத்தோடு" என்ற சொற்கள் இருந்தால் அடிக்க வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் உறுதி மட்டும் தரலாம். பதிலுக்கு, இந்த வீடியோ தொடர்பாக சிவில், கிரிமினல் எந்த நடவடிக்கையும் எடுக்க மாட்டோம் என்று அவர்கள் எழுத்தில் தர வேண்டும். அந்தக் கடிதம் வராமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நோட்டீஸ் கைக்கு வந்த தேதியைக் குறித்துக்கொண்டு, கெடு முடிவதற்குள் ஒரு வக்கீல் மூலமாகப் பதில் அனுப்புங்கள்.