பிரான்ஸ் விசாவில் ஜெர்மனிக்குப் போகலாமா?

கேள்வி: மகள் ஸ்ட்ராஸ்பூரில் படிக்கிறாள். அவளைப் பார்க்க நானும் கணவரும் பிரான்ஸ் விசாவுக்கு விண்ணப்பிக்கிறோம். ரைன் ஆற்றைத் தாண்டினால் ஜெர்மனி, டிராமிலேயே போய்விடலாம் என்கிறாள். பிரான்ஸ் கொடுத்த விசாவை ஜெர்மனி எப்படி ஏற்கும்? தனியாக விசா எடுக்க வேண்டுமா?
– வாசகி, மதுரை

பதில்: தனி விசா தேவையில்லை அம்மா. உங்களுக்குக் கிடைக்கப்போவது ஷெங்கன் விசா. கொடுப்பது பிரான்ஸ்தான் என்றாலும், 29 நாடுகளில் செல்லும். அபூர்வமாகச் சிலருக்கு ஒரு நாட்டுக்கு மட்டும் என்று சுருக்கித் தருவதுண்டு. அதனால் கைக்கு வந்ததும், எங்கெல்லாம் செல்லும் என்ற வரியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாட்டு விசாவை இன்னொரு நாடு ஏன் நம்புகிறது என்ற கேள்விக்கு விடை, நீங்கள் தாண்டப்போகும் அதே எல்லையில் இருக்கிறது. 1870, 1914, 1939 என்று எழுபது ஆண்டுகளுக்குள் மூன்று போர் கண்ட எல்லை அது. 1963இல் பிரான்ஸ் அதிபர் டெகாலும் மேற்கு ஜெர்மனியின் தலைமை அமைச்சர் அடனாவரும் எலிசே என்ற நட்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு இரு அரசுகளும் அடிக்கடி கூடிப் பேசுவது வழக்கமானது. 1984 தொடக்கத்தில் சுங்க ஊழியர் போராட்டத்தால் எல்லைகளில் லாரிகள் வரிசைகட்டி நின்றன. அந்த ஜூலையிலேயே சார்ப்ரூக்கனில் பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் எல்லைச் சோதனையைப் படிப்படியாகக் குறைக்க ஒப்பந்தம் போட்டன.

அன்றைய ஐரோப்பிய சமூகத்தில் 10 நாடுகள். பிரிட்டனுக்கு இதில் விருப்பமே இல்லை. எல்லாரும் தலையாட்டட்டும் என்று காத்திருந்தால் காரியம் நடந்திருக்காது. பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் மூன்றும் தங்களுக்குள் ஏற்கெனவே எல்லையைத் திறந்திருந்ததால் அவை சேர்ந்துகொண்டன. 1985 ஜூன் 14 அன்று ஷெங்கன் என்ற சிற்றூர் அருகே, மோசெல் ஆற்றில் நின்ற கப்பலில் ஐந்து நாடுகளும் ஷெங்கன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. முதல் ஏற்பாடு மிக எளிமையானது: காரின் முன்கண்ணாடியில் எட்டு சென்டிமீட்டர் அகலப் பச்சை வட்டம் ஒட்டியிருந்தால், வண்டியை நிறுத்தாமல் மெதுவாக ஓட்டிக்கொண்டே எல்லையைக் கடக்கலாம்.

இரண்டு நாடுகளின் நெருக்கம் மற்றவர்களுக்கும் பயன்பட்டதற்கு நான் காணும் காரணம், ஒப்பந்தத்தை அவை தங்களுக்குள் பூட்டி வைக்காததுதான். பிறகு வரும் நாடுகளும் சேர, ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்த 1990இல் செய்த உடன்படிக்கையில் வழி வைத்தார்கள். 1995இல் அது நடைமுறைக்கு வந்தபோது ஸ்பெயினும் போர்ச்சுகலும் உள்ளே இருந்தன. நம்பிக்கைக்கு வெறும் நட்பு போதாது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. விசா விதிகளைப் பொதுவாக்கினார்கள். தேடப்படுவோர் விவரங்களுக்குப் பொதுவான கணினித் தொகுப்பு வைத்தார்கள். அதன் மையக் கணினி இருப்பது உங்கள் மகள் படிக்கும் ஊரில்தான்.

இந்த உறவுக்கும் சோதனை வந்ததுண்டு. 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது ஜெர்மனி எல்லையில் கெடுபிடி செய்தது. ஸ்ட்ராஸ்பூரிலிருந்து எதிர்க்கரையிலுள்ள கேலுக்கு 2017 முதல் ஓடும் அந்த டிராமும் பாலம் தாண்டாமல் நின்றது. தினமும் அக்கரைக்கு வேலைக்குப் போய் வருபவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பிரான்ஸ் 2015 முதல் தன் எல்லைகளில் சோதனை வைத்திருக்கிறது. ஜெர்மனியும் 2024 செப்டம்பரில் எல்லா நில எல்லைகளிலும் சோதனையைத் தொடங்கியது. தற்காலிகம் என்று சொல்லித் தொடங்கியதை இப்படி நீட்டிக்கொண்டே போவது எனக்குக் கவலை தருகிறது.

அதனால் அரை மணி நேரம் கடைக்குப் போய் வந்தாலும் அசல் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்குப் பிரான்ஸ் சரி. 180 நாளில் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது. விசாவில் அதைவிடக் குறைவாக எழுதியிருந்தால் அதுதான் கணக்கு. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றுக்கும் செல்லும்படி எடுங்கள். அப்புறம், லண்டனையும் பார்த்துவிட்டுத் திரும்பவும் பிரான்சுக்கு வரும் எண்ணமிருந்தால், பலமுறை நுழையும் விசாவாகக் கேளுங்கள். பிரிட்டனுக்கு விசா தனி.