தானாக ஆறிய புண்

அன்புள்ள ஐயா,

எனக்கு 24 வயது. சென்னையில் வேலை. நான்கு மாதங்களுக்கு முன் ஒரு பெண்ணுடன் ஒரே ஒரு நாள் பழக்கம். ஆணுறை அணியவில்லை. அப்புறம் சின்னதாக ஒரு புண் வந்தது, வலி இல்லை, மூன்று வாரத்தில் தானாகவே ஆறிவிட்டது. என்னை வாட்டுவது குற்றவுணர்ச்சிதான். சங்க இலக்கியம் களவைக் கொண்டாடுகிறது. நாம் மட்டும் ஏன் இதை ஒழுக்கக்கேடு என்கிறோம்?

எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்கள் கடிதம் நான்கு பக்கம். சுருக்கியிருக்கிறேன். அதில் குறுந்தொகை மூன்று இடத்தில் வருகிறது, ரத்தப் பரிசோதனை ஓரிடத்தில்கூட இல்லை. களவையும் கற்பையும் தொல்காப்பியர் பார்த்துக்கொள்வார். போகிற போக்கில் ஒரு புண்ணைச் சொன்னீர்களே, அதைப் பேசுவோம்.

1991, மதுரை. என் அறைத்தோழனுக்கும் இப்படித்தான் வந்தது. சட்டைப் பொத்தான் அளவு, வலியே இல்லை. தொட்டால் குருத்தெலும்பு மாதிரி கெட்டியாக இருக்கிறது என்றான். அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும்போது சொந்தக்காரர் யாராவது பார்த்துவிட்டால்? மாதம் ஒருமுறை லாட்ஜில் முகாம் போடும் வைத்தியரிடம் போனான். துணைக்கு நான். மாடிப்படியில் எங்களைப் போல ஏழெட்டுப் பேர், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல். வைத்தியர் புண்ணைப் பார்க்கவே இல்லை. "கைப்பழக்கம் உண்டா?" என்று மட்டும் கேட்டார். 600 ரூபாய்க்கு ஒரு டப்பா லேகியம். என் மோதிரத்தை அடகு வைத்துக் கொடுத்தோம்.

ஒரே மாதத்தில் புண் ஆறியது. வைத்தியரைத் தெய்வம் என்றான். உடலுறவில் தொற்றும் சிபிலிஸ் நோயின் முதல் புண் லேகியம் தின்றாலும் ஆறும், தின்னாவிட்டாலும் சில வாரங்களில் ஆறும். கிருமி ரத்தத்திலேயே இருக்கும். லாட்ஜ் வைத்தியர்கள் வீடு கட்டியதே இந்த ஒரு உண்மையை வைத்துத்தான். நீங்கள் 600 ரூபாய் செலவழிக்காமலே அதே ஏமாற்றத்தில் நிற்கிறீர்கள். புண் ஆறியது என்பதற்குப் புண் ஆறியது என்று மட்டும்தான் அர்த்தம்.

அடுத்த ஆண்டே அவனுக்குக் கல்யாணம். முதல் குழந்தை ஆறாம் மாதம் வயிற்றிலேயே இறந்தது. நாகதோஷம் என்று ராமேஸ்வரம் போனார்கள். இரண்டாவதும் அப்படிப் போன பிறகுதான் ஒரு டாக்டரம்மா இருவருக்கும் சிபிலிஸைக் கண்டறியும் விடிஆர்எல் ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொன்னார். வாரத்துக்கு ஒருமுறையாக மூன்று வாரம் பென்சிலின் ஊசி. அவ்வளவுதான் வைத்தியம். ஊசி போட்டுவந்த அவன் மனைவி திண்ணையில் ஒருக்களித்து உட்கார்ந்துகொண்டு, "அண்ணே, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்றாள். படியில் துணைக்கு நின்றவன் நான். பதில் சொல்லவில்லை.

'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று ஊரெல்லாம் விழிப்புணர்வு விளம்பரம் எழுதிவைத்த காலத்தில் சிரித்தாவது பேசினோம். உங்கள் தலைமுறை போனில் தேடிவிட்டு, அதையும் அழித்துவிடுகிறது.

சரி. அரசு ஆஸ்பத்திரியில் நம்பிக்கை மையம் இருக்கும். எச்.ஐ.வி. சோதனை இலவசம். 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டிய தடுப்பு மாத்திரைக்குக் காலம் கடந்துவிட்டது. ஆனால் மூன்று மாதம் தாண்டிவிட்டதால் இப்போது எடுக்கும் முடிவை நம்பலாம். முடிவை வெளியே சொல்லக்கூடாதென்று 2017இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். விடிஆர்எல்லையும் கேட்டு வாங்கி எடுங்கள்.

அப்புறம், அந்தப் பெண். நான்கு பக்கத்தில் அவரைப் பற்றி ஒரே வரி, 'நல்ல குடும்பம்' என்று. அவருக்கும் புண் வந்திருக்கலாம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில். இன்றைக்கே போன் செய்து சொல்லுங்கள். குறுந்தொகை வேண்டாம்.