மெகாபிக்சல் கூடினால் ராத்திரிப் படம் தெளிவாகுமா? வேலூர் வட்டாரக் கேள்விகளும் பதில்களும்

சத்துவாச்சாரியிலிருந்து: சார், வாசலில் இருந்த 2 மெகாபிக்சல் கண்காணிப்பு கேமராவை எடுத்துவிட்டு 8 மெகாபிக்சல் மாட்டினோம். பகலில் பளிச்சென்று இருக்கிறது. இருட்டினால் பழையதே தேவலாம் போலிருக்கிறது. கேமரா பழுதா?

பழுதில்லை. பெட்டியில் சென்சார் (வெளிச்சத்தைப் பிடிக்கும் சில்லு) அளவு என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். இரண்டுமே 1/2.8 அங்குலம் என்றால், பழையதில் ஒரு பிக்சல் சுமார் 2.9 மைக்ரான் (மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு), புதியதில் 1.45 மைக்ரான். பரப்பில் கால் பங்குதான். ஒவ்வொரு பிக்சலுக்கும் விழும் வெளிச்சமும் கால் பங்கு. அதை ஈடுகட்ட கேமரா கெயினை, அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவை, ஏற்றும், படம் முழுக்கப் புள்ளி பொரியும். புள்ளியை அழிக்க 3டி டிஎன்ஆர் என்ற புள்ளி நீக்கும் வசதி இறங்கும்போது நடக்கிறவர் முகம் உருகிய மெழுகாகிவிடும். படத்தைச் சுருக்கிப் பார்த்தால் புள்ளி ஓரளவு அடங்கும். சுருக்கிப் பார்க்கவா 8 மெகாபிக்சல் வாங்கினீர்கள்?

இருப்பதை வைத்தே சரிசெய்யலாம். இருட்டில் ஒவ்வொரு படத்தையும் நேரம் நீட்டி எடுக்கும் ஸ்லோ ஷட்டரை அணையுங்கள். டிஎன்ஆர் 50-ல் இருந்தால் 30-க்கு இறக்குங்கள். வீடியோவைச் சுருக்கும் முறை எச்.265 என்றால் பிட்ரேட் (நொடிக்குப் பதிவாகும் தரவு) 8 எம்பிபிஎஸ் கொடுங்கள். புள்ளி நிறைந்த படம் பிட்ரேட்டை விழுங்கும், குறைவாக வைத்தால் கட்டம் கட்டமாக உடையும். வாசலில் 9 வாட் எல்இடி பல்பு ஒன்று எரியவிட்டால் இதையெல்லாம்விட அதிக வித்தியாசம் தெரியும். புதிதாக வாங்குவதானால் 1/1.8 அங்குல சென்சாரில் 4 மெகாபிக்சல் கேளுங்கள். பிக்சல் மறுபடி 2.9 மைக்ரான் அளவுக்கு வந்துவிடும்.

காட்பாடியிலிருந்து: கடைக்காரர் எஃப்1.0 லென்ஸுக்குக் கூடுதல் விலை சொல்கிறார். கொடுக்கலாமா? 0.001 லக்ஸ் என்றும் போட்டிருக்கிறது.

லென்ஸுக்குக் கொடுக்கலாம். எஃப் எண் சிறிதானால் லென்ஸின் வாய் பெரிது. எஃப்1.6-ஐவிட சுமார் இரண்டரை மடங்கு வெளிச்சம் உள்ளே வரும், எஃப்2.0-ஐவிட நான்கு மடங்கு. ஆனால் ஃபோகஸ் ஆழம் குறையும், கேட்டுக்கு ஃபோகஸ் வைத்தால் தெரு கொஞ்சம் மங்கும். எவ்வளவு குறைந்த வெளிச்சத்தில் படம் தெரியும் என்று சொல்லும் லக்ஸ் எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள். எந்த ஷட்டரில், எவ்வளவு கெயினில் அளந்தது என்று எழுதாத வரை அது வெறும் விளம்பரம்.

லாங் பஜாரிலிருந்து: கடை சாத்திய பிறகு தெருவிளக்கு வெளிச்சத்தில் படம் நன்றாகத்தான் தெரிகிறது. ஆள் நடந்தால் மட்டும் முகம் இழுபடுகிறது.

ஷட்டர்தான் காரணம். சாதாரண நடை நொடிக்கு சுமார் 1.4 மீட்டர். ஷட்டர் 1/12 நொடி என்றால் ஒரு பிரேமுக்குள் ஆள் 12 செ.மீ. நகர்ந்துவிடுகிறார், ஒரு முகத்தின் அகலமே ஏறக்குறைய அவ்வளவுதான். 1/50-ல் அது 3 செ.மீ.க்குள் அடங்கும். கையால் 1/50 வையுங்கள், படம் சற்று இருண்டாலும் பரவாயில்லை. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், கேமரா மெனுவில் ஹெர்ட்ஸையும் 50 ஆக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் விளக்கு வெளிச்சத்தில் படத்தில் பட்டை பட்டையாக ஓடும்.

இலவம்பாடியிலிருந்து: கத்தரித் தோட்டத்து மோட்டார் ஷெட், கேமரா கம்பத்திலிருந்து 15 மீட்டர். 5 மெகாபிக்சல், 2.8 மி.மீ. லென்ஸ் போட்டோம். ஆள் வந்தது தெரிகிறது, யாரென்று தெரியவில்லை.

முகம் அடையாளம் தெரிய மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது கண்காணிப்பு கேமராவுக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 62676-4-இன் 2014 பதிப்பின் கணக்கு. உங்கள் கேமரா 15 மீட்டரில் கிட்டத்தட்ட 28 மீட்டர் அகலத்தை வளைத்துப் பிடிக்கிறது. 2592 பிக்சலை அதில் பரப்பினால் மீட்டருக்கு 93-தான். பகலிலேயே போதாது. மெகாபிக்சலை ஏற்றாதீர்கள், லென்ஸை மாற்றுங்கள். லென்ஸின் மி.மீ. கூடினால் பிடிக்கும் அகலம் குறையும். 2 மெகாபிக்சல் கேமராவில் 12 மி.மீ. லென்ஸ் போட்டால் அகலம் 7 மீட்டர், மீட்டருக்கு 275 பிக்சல் கிடைக்கும். பிக்சலும் பெரிது, இருட்டில் புள்ளி குறைவு. கதவு மட்டும்தான் தெரியும், வயல் தெரியாது. வயலுக்கு இப்போதிருப்பதே இருக்கட்டும். இருட்டில் கேமரா அடிக்கும் ஐஆர் (கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு) வெளிச்சம் தூரம் இரண்டு மடங்கானால் கால் பங்காகும். ஆகவே ஷெட் சுவரிலேயே தனி ஐஆர் விளக்கு மாட்டி, கதவுப் பக்கம் திருப்புங்கள்.

ராணிப்பேட்டையிலிருந்து: ராத்திரியானால் படம் முழுக்க வெள்ளைப் புகை. 5 மெகாபிக்சலால் வருவதா?

இல்லை. சிலந்தி வலை, கண்ணாடியில் தூசி, அல்லது பக்கத்துச் சுவரில் பட்டுத் திரும்பும் ஐஆர். துடைத்துவிட்டு, சுவர் படத்தில் விழாதபடி திருப்புங்கள். டோம் மூடி கீறியிருந்தால் மூடியை மாற்றத்தான் வேண்டும்.

ஆற்காட்டிலிருந்து: ஐஆர் படத்தில் ஆள் வெள்ளைச் சட்டை. நேரில் பார்த்தவர் கறுப்பு என்கிறார்.

நேரில் பார்த்தவரை நம்புங்கள். சில கறுப்புச் சாயங்கள் ஐஆரைத் திருப்பி அடிக்கும், துணி வெளுத்துத் தெரியும். சட்டை நிறம் முக்கியமென்றால் வெள்ளை விளக்கோடு வரும் கலர் நைட் கேமராதான்.