சர்க்கரை நோயுள்ள முதியவருக்கு மாதக்கணக்கில் அரிப்பு, இப்போது கொப்புளம். அலர்ஜி இல்லையென்றால் வேறு என்ன?

அப்பாவுக்கு 75 வயது, இருபது வருடமாகச் சர்க்கரை, போன வருடம் பக்கவாதம், ஐந்து மாதமாக ஓயாத அரிப்பு, மூன்று டாக்டர்கள் மூன்று களிம்பு கொடுத்தும் அடங்கவில்லை, போன வாரம் தொடையில் இரண்டு நீர்க்கொப்புளம் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் என் அம்மாவின் 2022ஆம் வருடம் அப்படியே கண்முன் வந்துவிட்டது. நான் டாக்டர் இல்லை. ஒரு வருடம் அம்மாவின் பக்கத்திலேயே இருந்து மருந்து தடவி, கட்டு மாற்றி, ஒவ்வொரு டாக்டரிடமும் கேள்வி கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். அம்மாவுக்கு வந்தது புல்லஸ் பெம்பிகாய்டு என்ற கொப்புள நோய். உங்கள் அப்பாவுக்கும் அதேதான் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் அதுவாக இருக்கலாமா என்று இந்த வாரமே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

அம்மாவுக்கு அப்போது 72. சர்க்கரை, ரத்த அழுத்தம், ஒரு முறை பக்கவாதம் வந்து வலது கை பாதிதான் தூக்க வரும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.6, கொஞ்சம் அதிகம். காலையில் ஆறு மாத்திரை, ராத்திரி ஐந்து. மார்ச் மாதம் அரிப்பு தொடங்கியது. தோலில் பார்க்க ஒன்றுமே இருக்காது, அங்கங்கே லேசாகச் சிவந்து தடித்திருக்கும், அவ்வளவுதான். வெயில் காலம் என்பதால் வேர்க்குரு என்று பவுடர் போட்டோம். அப்புறம் ஒரு டாக்டர் சொறியாக இருக்கலாம் என்று பெர்மெத்ரின் களிம்பு கொடுத்தார். வீட்டில் எல்லோரும் கழுத்திலிருந்து கால் வரை தடவிக்கொண்டு படுத்தோம், படுக்கை விரிப்பெல்லாம் வெந்நீரில் போட்டுத் துவைத்தோம். அவரைக் குறை சொல்ல மாட்டேன், ராத்திரி அரிப்பு என்றால் முதலில் சொறியைத்தான் நினைக்க வேண்டும். அடுத்தவர் கிட்னி காரணமாக வரும் அரிப்பு என்றார். மூன்றாமவர் ஒரு வாரத்துக்கு ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார். அரிப்பு மாயமாய்ப் போனது, சர்க்கரை 380க்கு ஏறியது. மாத்திரை முடிந்த நாலாம் நாள் அரிப்பு திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆகஸ்டில் கொப்புளம் வந்தது. வயிற்றிலும் தொடையின் உள்பக்கமும், பெரிய நெல்லிக்காய் அளவு. சித்தி பார்த்துவிட்டு, "இது அக்கிதான், போய் எழுதிட்டு வந்துடலாம்" என்றார். மண்பாண்டம் செய்யும் வேளார் வீட்டில் காவி குழைத்து உடம்பில் எழுதிவிட்டார்கள். அக்கி என்றால் பெரும்பாலும் உடம்பின் ஒரே பக்கம், பட்டையாக, எரிச்சலும் வலியுமாக வரும். அம்மாவுக்கு இரண்டு பக்கமும் இருந்தது, வலியைவிட அரிப்புதான் அதிகம். அந்த வித்தியாசம் அப்போது எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

கடைசியில் ஒரு அரசு மருத்துவக் கல்லூரியின் தோல் பிரிவுக்குக் கூட்டிப்போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா செய்ததை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கு உதவப்போவது இதுதான். முதலில் கொப்புளத்தை விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தார். காற்றடைத்த பலூன் மாதிரி விறைப்பாக இருந்தது, உடையவில்லை. பக்கத்துத் தோலைக் கட்டைவிரலால் அழுத்தி நகர்த்திப் பார்த்தார், தோல் வழுக்கிக்கொண்டு வரவில்லை. வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார், உள்ளே புண் இல்லை. பெம்பிகஸ் என்று ஒரு நோய் இருக்கிறது. அதில் கொப்புளம் தளர்வாக இருக்கும், தொட்டாலே உடையும், பல பேருக்கு வாய்ப்புண்ணில்தான் தொடங்கும். அம்மாவுக்கு அவர் சந்தேகப்பட்டது புல்லஸ் பெம்பிகாய்டு. இரண்டும் ஒன்றல்ல என்று 1953இல் வால்டர் லீவர் என்ற மருத்துவர்தான் பிரித்துக் காட்டினார். பெம்பிகாய்டு பெரும்பாலும் எழுபது தாண்டியவர்களுக்கு வருவது. தோலின் மேல் அடுக்கையும் கீழ் அடுக்கையும் ஒட்டவைத்திருக்கும் புரதங்களை உடம்பின் எதிர்ப்புசக்தியே தாக்குகிறது. அந்த ஒட்டு விட்ட இடத்தில் நீர் கோத்துக்கொள்கிறது. கொப்புளம் வருவதற்கு முன் வெறும் அரிப்பாகவே வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இருக்கலாம். நாங்கள் ஐந்து மாதம் சுற்றியது அதனால்தான். பக்கவாதம், பார்க்கின்சன், மறதி நோய் உள்ளவர்களுக்கு இது கூடுதலாக வருகிறது. அந்தப் புரதங்களின் ஒரு வகை மூளையிலும் இருப்பது காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

அப்புறம் அவர் கேட்ட கேள்விதான் எல்லாவற்றையும் மாற்றியது. அதுவரை எல்லா டாக்டரும் "புதுசா ஏதாவது மாத்திரை சாப்பிட்டீங்களா?" என்று கேட்பார்கள், நானும் உண்மையாகவே "இல்லை" என்பேன். புதிது என்றால் போன பத்துப் பதினைந்து நாள் என்றுதானே நினைப்போம். இவர் அப்படிக் கேட்கவில்லை. "போன ரெண்டு வருஷத்துல எந்தெந்த மாத்திரை எந்த மாசம் சேர்ந்துச்சு? பழைய சீட்டெல்லாம் இருக்கா?" என்றார். பையில் எல்லாச் சீட்டும் கிடந்தன. மேசைமேல் தேதிவாரியாகப் பரப்பி வைத்தோம். அரிப்பு தொடங்குவதற்கு ஏழு மாதம் முன்னால் லினாகிளிப்டின் 5 மில்லிகிராம் சேர்ந்திருந்தது. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அளவைக் குறைக்காமல் கொடுக்கக்கூடிய சர்க்கரை மாத்திரை என்பதால், நல்ல எண்ணத்தில் ஒருவர் எழுதிக்கொடுத்தது.

இந்த மாத்திரைக் குடும்பத்துக்குப் பொதுவாகக் கிளிப்டின் என்று பெயர். வில்டாகிளிப்டின், லினாகிளிப்டின், சிட்டாகிளிப்டின், டெனெலிகிளிப்டின் என்று பெயரின் கடைசியில் அந்தச் சொல் இருக்கும். நல்ல மருந்துகள்தான், லட்சக்கணக்கானவர்கள் ஒரு தொந்தரவும் இல்லாமல் சாப்பிடுகிறார்கள். வில்டாகிளிப்டினின் காப்புரிமை 2019 டிசம்பரில் முடிந்ததும் நம் நாட்டில் விலையும் நன்றாகக் குறைந்தது, அதனால் இன்று நிறைய வீடுகளில் இருக்கிறது. ஆனால் மிகச் சிலருக்கு இது பெம்பிகாய்டைக் கிளப்பிவிடுகிறது. வில்டாகிளிப்டினுக்கும் லினாகிளிப்டினுக்கும் இந்தத் தொடர்பு அதிகமாகப் பேசப்படுகிறது. அமெரிக்காவில் விற்கப்படும் லினாகிளிப்டின், சிட்டாகிளிப்டின் போன்றவற்றின் விவரத்தாளிலேயே இந்த எச்சரிக்கை உண்டு. கஷ்டம் என்னவென்றால், தொடங்கிய வாரமே வராது. மாதங்கள் கழித்து, சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல் கழித்து வரும். அதனால் மாத்திரைமேல் யாருக்கும் சந்தேகமே எழாது.

உறுதிப்படுத்த இரண்டு இடத்தில் சதை எடுத்தார்கள். இதைத் தயவுசெய்து கவனமாகக் கேட்டு வையுங்கள். ஒன்று கொப்புளத்தின் ஓரத்திலிருந்து, ஃபார்மலின் பாட்டிலில் போட்டு வழக்கமான பயாப்ஸிக்குப் போகும். இன்னொன்று கொப்புளத்துக்குப் பக்கத்தில் நன்றாக இருக்கும் தோலிலிருந்து எடுக்க வேண்டும். அது இம்யூனோஃப்ளூரசன்ஸ் என்ற சோதனைக்கு, எதிர்ப்புசக்திப் புரதம் தோலில் படிந்திருக்கிறதா என்று ஒளிரவைத்துப் பார்ப்பது. அதை ஃபார்மலினில் போட்டால் வீணாகிவிடும், தனித் திரவத்தில் போட வேண்டும். பாட்டில்களை என் கையில் கொடுத்த சிஸ்டர், "இதையும் அதையும் மாத்திடாதீங்கம்மா" என்று இரண்டு தடவை சொன்னார். ஒன்றின் மூடியில் சிவப்பு பிளாஸ்திரி ஒட்டி எடுத்துப்போனேன். ஒன்பதாம் நாள் முடிவு வந்தது. தோலடுக்கு ஒட்டும் கோடு நெடுக எதிர்ப்புசக்திப் புரதம் நேர்கோடாகப் படிந்து மின்னியது என்று ரிப்போர்ட்டில் இருந்தது. வெறும் பயாப்ஸி மட்டும் எழுதிக் கொடுத்தால், "இம்யூனோஃப்ளூரசன்ஸும் சேர்த்துப் பார்க்கலாமா டாக்டர்?" என்று நீங்களே கேளுங்கள். அதில் மரியாதைக்குறைவு ஒன்றும் இல்லை.

வேறு காரணங்களும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நீண்டகாலச் சர்க்கரையால் பாதத்தில் திடீரென்று கொப்புளம் வரும், அதில் அரிப்போ வலியோ பெரும்பாலும் இருக்காது. இதயமோ சிறுநீரகமோ பலவீனமாகிக் கால் நன்றாக வீங்கினாலும் நீர்க்கொப்புளம் கட்டும். சொறியே முதியவர்களுக்குக் கொப்புளமாகவும் வரலாம். ஆனால் காய்ச்சலோடு வாய், கண், பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் புண் வந்தாலோ, தோல் தகடுதகடாக உரிந்தாலோ, அது வேறு. கடுமையான மருந்து ஒவ்வாமையாக இருக்கலாம். தோல் டாக்டரின் நேரம் வரும்வரை காத்திருக்காதீர்கள், அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

சிகிச்சையில் எங்களுக்குப் பெரிய பயம் ஸ்டீராய்டு. சர்க்கரை, சிறுநீரகம், எலும்பு எல்லாம் ஏற்கெனவே தள்ளாடும் உடம்பில் அதிக அளவு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால், நோயைவிட மருந்தே ஆபத்தாகிவிடும். டாக்டரம்மா எங்கள் முன்னாலேயே சர்க்கரை டாக்டருக்கு ஃபோன் போட்டுப் பேசினார். இரண்டு டாக்டர்கள் அம்மாவைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேசிக் கேட்டது அன்றுதான் முதல் முறை. லினாகிளிப்டினை நிறுத்தி இன்சுலினுக்கு மாற்றினார்கள். வாய்வழி ஸ்டீராய்டைத் தவிர்த்து, குளோபீட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டு களிம்பை முகம் தவிர உடம்பு முழுக்கத் தடவச் சொன்னார். வெறும் களிம்பா என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. 2002இல் பிரான்சில் 341 நோயாளிகளிடம் நடந்த ஆய்வைப் பற்றிச் சொன்னார். நோய் அதிகமாகப் பரவியவர்களில் ஒரு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள், களிம்பு தடவியவர்களில் 76 சதவீதம், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்களில் 58 சதவீதம். அந்த ஆய்வில் தடவியது ஒரு நாளைக்கு 40 கிராம். அம்மாவுக்கு 30 கிராம், அதாவது ஒரு முழு ட்யூப், தினமும். கையுறை போட்டுக்கொண்டுதான் தடவ வேண்டும், இல்லையென்றால் நம் உடம்பிலும் ஏறும். கூடவே டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை, தினம் 200 மில்லிகிராம். 2017இல் வெளிவந்த பிரிட்டன், ஜெர்மனி ஆய்வில், ஆறு வாரத்தில் கொப்புளம் கட்டுக்குள் வந்தவர்கள் டாக்ஸிசைக்ளினில் 74 சதவீதம், ஸ்டீராய்டு மாத்திரையில் 91. ஆனால் ஒரு வருடத்துக்குள் கடுமையான பக்கவிளைவு வந்தவர்கள் டாக்ஸிசைக்ளினில் 18 சதவீதம், ஸ்டீராய்டு மாத்திரையில் 36. அம்மாவைப் போன்ற உடம்புக்கு இரண்டாவது கணக்குதான் முக்கியம் என்று டாக்டரம்மா சொன்னார், எனக்கும் அது சரியென்று பட்டது.

இதைப் படித்துவிட்டு மெடிக்கல்ஸில் நீங்களே குளோபீட்டசால் வாங்கித் தடவிவிடாதீர்கள். படர்தாமரைமேல் இதைப் போட்டால் அரிப்பு அடங்கியதுபோல் இருந்து, தாமரை உருமாறிப் பரவும், அப்புறம் எந்த டாக்டராலும் எளிதில் அடையாளம் காண முடியாது. அதே மாதிரி சர்க்கரை மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். மாற்று மருந்தை எழுதி வாங்கிக்கொண்டுதான் நிறுத்த வேண்டும்.

வீட்டுப் பராமரிப்பில் இரண்டு விஷயம் மிகவும் உதவியது. பெரிய கொப்புளத்தைச் சுத்தமான ஊசியால் கீழ் ஓரத்தில் மட்டும் குத்தி, துணியால் ஒற்றி நீரை இறக்கிவிட்டு, மேல்தோலை அப்படியே படியவைத்துவிட வேண்டும். அந்தத் தோல்தான் இயற்கையான கட்டு. உரித்துவிட்டால் சீழ் பிடிக்கும். எப்படிச் செய்வது என்று சிஸ்டர் என் கையைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தார், நீங்களும் பார்த்துக் கற்றுக்கொள்ளாமல் செய்யாதீர்கள். இன்னொன்று வாழையிலை. முதுகில் இருந்த புண் படுக்கை விரிப்போடு ஒட்டிக்கொள்ளும், காலையில் எழுப்பும்போது அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு என் கையை இறுக்கிப் பிடிப்பார். வார்டில் தீப்புண்காரர்களுக்குப் போடுவதுபோல் இளம் வாழையிலையை நன்றாகக் கழுவி, வெந்நீரில் வாட்டி ஆறவைத்து, வாஸ்லின் தடவி விரித்தோம். முதல் நாள் காலை அம்மாவைத் திருப்பிப் படுக்கவைத்தபோது இலை தானாகக் கழன்று வந்தது. ஒரு துளி ரத்தம் இல்லை. "குளுகுளுன்னு இருக்குடி" என்றார். ஐந்து மாதத்தில் அம்மா உடம்பைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

ஐந்து வாரத்தில் புதுக் கொப்புளம் நின்றது. களிம்பைப் படிப்படியாகக் குறைக்க இன்னும் பல மாதம் ஆனது. நடுவில் ஒரு தடவை திரும்பி வந்தது. தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது காய்ச்சலுக்காகப் பார்த்த ஒரு டாக்டர் வேறு பிராண்டில் ஒரு சர்க்கரைக் கூட்டுமாத்திரை எழுதியிருந்தார், மெட்ஃபார்மினோடு வில்டாகிளிப்டின் சேர்ந்தது. பெட்டிமேல் பிராண்ட் பெயர்தான் பெரிதாக இருக்கும், உள்ளே என்ன மருந்து என்பது கீழே பொடி எழுத்தில். யாரும் படிக்கவில்லை. மூன்றே வாரத்தில் வயிற்றில் மறுபடியும் சிவந்து தடித்தது.

அதனால் நாளைக்கே அப்பாவின் மாத்திரைப் பெட்டிகள் எல்லாவற்றையும் ஒரு மேசையில் கொட்டி, பொடி எழுத்தைப் படித்து ஒரு நோட்டில் எழுதுங்கள். மருந்தின் பெயர், அளவு, எந்த மாதம் தொடங்கியது, யார் எழுதியது. அரிப்பு தொடங்கிய தேதியையும் கொப்புளம் வந்த தேதியையும் பக்கத்திலேயே எழுதுங்கள். கொப்புளம் உடைவதற்குள் ஃபோனில் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள், டாக்டரிடம் போகும் நாளில் அது அங்கே இருக்காது. முடிந்தால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போங்கள், இரண்டு வகைப் பயாப்ஸியும் அங்கே கிடைக்க வாய்ப்பு அதிகம்.

அம்மாவின் நோட்டு இப்போதும் என் கைப்பையில்தான் இருக்கிறது. முதல் பக்கத்தில் சிவப்பு மையில் "கிளிப்டின் எதுவும் கொடுக்கக் கூடாது" என்று டாக்டரம்மாவே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். எந்த டாக்டரிடம் போனாலும் உட்கார்ந்ததும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறந்து காட்டுகிறேன்.