1951-ல் ஆடிய 9 ஆட்டத்தையும் வென்ற சான்பிரான்சிஸ்கோ பல்கலைக்கழக அணிக்கு பவுல் ஆட்டம் ஏன் கிடைக்கவில்லை?

நிறவெறிதான் முதல் காரணம். (இது அமெரிக்கக் கால்பந்து, பந்தைக் கையில் ஏந்தி ஓடுவது. பவுல் என்பது சீசன் முடிவில் சிறந்த கல்லூரி அணிகளை அழைத்து நடத்தும் ஆட்டம்.) ஜோ குஹாரிச் பயிற்சியாளர். ஓலி மாட்சன் ஓடியே 1,566 யார்டு எடுத்தார். ஆட்டத்துக்கு 174, அந்த ஆண்டு நாட்டிலேயே அதிகம். ஆனால் அவரும் பர்ல் டோலரும் கறுப்பினத்தவர். இருவரையும் விட்டுவிட்டு வந்தால் இடமுண்டு என்று சொல்லப்பட்டபோது மொத்த அணியும் மறுத்துவிட்டது. எதிரணிகள் சோப்ளாங்கிகள் என்றும் ஒரு சாக்கு சொன்னார்கள். அது எடுபடாது: மாட்சன், ஜினோ மார்கெட்டி, பாப் செயின்ட் கிளேர் மூவரும் பின்னாளில் தொழில்முறைக் கால்பந்தின் புகழ்க்கூடத்துக்கே போனவர்கள். பவுல் வருமானமும் இல்லாமல், ஏற்கெனவே நட்டத்தில் ஓடிய அணியை அந்த சீசனோடு பல்கலைக்கழகம் கலைத்துவிட்டது. டோலர் 1965-ல் அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் முதல் கறுப்பின நடுவரானார்.