மறு: 32 வாரக் கர்ப்பம், உள்ளங்கையில் அரிப்பு, பித்த அமிலம் 46

வணக்கம் தம்பி. “பித்தம் சோப்பு மாதிரி கொழுப்பைக் கரைக்கும் என்றால் மனைவியின் கல்லீரலையும் கரைத்துவிடாதா?” என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான பயம்தான்.

கல்லீரல் செல் பித்த உப்பை (சோதனையில் வரும் பித்த அமிலம்தான் இது) தனக்குள் தேங்க விடாது. பிஎஸ்இபி என்ற பம்ப் அதைப் பித்த நுண்குழாய்க்குள் தள்ளும். எம்டிஆர்3 என்ற இன்னொன்று கூடவே லெசித்தின் என்ற கொழுப்பை அனுப்பும். பித்த உப்பு அதோடு சேர்ந்து உருண்டையாகிவிடுவதால் குழாய்ச்சுவர் அரிக்கப்படாது. கர்ப்ப ஹார்மோன்கள் இந்தப் பம்புகளை மந்தமாக்கும்; இதைத்தான் கர்ப்பகாலப் பித்தத் தேக்கம் என்பார்கள். உப்பு தேங்கினால் எஃப்எக்ஸ்ஆர் என்ற உணரி புது உற்பத்தியைக் குறைத்து, இரத்தப் பக்கத்துப் பின்வாசலைத் திறந்துவிடும். இரத்தத்தில் பித்த அமிலம் 46 ஆக ஏறியது இப்படித்தான். கல்லீரல் தப்பிக்கிறது, கவனம் குழந்தைமேல் இருக்கட்டும்.

வயிற்றிலேயே குழந்தை இறக்கும் ஆபத்து பித்த அமிலம் லிட்டருக்கு 100 மைக்ரோமோலில் இருந்துதான் தெளிவாகக் கூடுகிறது. 40 முதல் 99 வரை என்றால் பொதுவாக 38–39 வாரத்தில் பிரசவம் பார்ப்பார்கள். அளவு திடீரென ஏறலாம், அதனால் மறுபரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். சுங்கை சிப்புட் கிளினிக்கில் அந்தச் சோதனை இல்லையென்றால் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கேளுங்கள்.

இதற்குத் தரும் அர்சோ (அர்சோடியாக்சிகோலிக் அமிலம்) மாத்திரை அரிப்பைக் கொஞ்சம் தணிக்கும், அவ்வளவே. மலம் வெளுத்து எண்ணெயாகப் போனால் இரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே பற்றிக் கேளுங்கள். கீழாநெல்லிச் சாறு, பேதி மருந்து எதுவும் இப்போது வேண்டாம். குழந்தையின் அசைவு குறைந்தால் விடியும்வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.