சாதாரண காம்பாக்ட் கேமராவை வைத்து ஏற்காட்டில் நல்ல கருப்பு வெள்ளைப் படங்கள் எடுக்க முடியுமா?

எடுக்கலாம். ஆனால் பனி இறங்கும் நாள் பார்த்துப் போகவேண்டும்.

டிசம்பரில் குடும்பத்தோடு ஏற்காடு போகிறீர்கள், கையில் இருப்பது பழைய பாயிண்ட் அண்ட் ஷூட், மலைக்காட்சியைக் கருப்பு வெள்ளையில் எடுக்க ஆசை, அதற்காக டிஎஸ்எல்ஆர் வாங்கியே ஆகவேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அந்தக் காசில் பல தடவை ஏற்காடு போய்வரலாம். அதுவும் டிசம்பரில் போகிறீர்கள் என்பதால் பாதி வேலை முடிந்துவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

நான் சேலம் கோரிமேட்டுக்காரன். மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனாலே ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை எதிரில் நிற்கும். என் கேமரா, தங்கச்சி கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியது. 10 மெகாபிக்சல், இரண்டு பென்சில் பேட்டரி, லென்ஸ் முன்னால் கலர்க் கண்ணாடி ஃபில்டர் மாட்ட வழியில்லை, பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் ரா ஃபைல் கிடையாது. ஒருமுறை நானே கீழே போட்டதில் பேட்டரி மூடியின் கொக்கி போய்விட்டது. ரப்பர் பேண்ட் போட்டுத்தான் வைத்திருக்கிறேன்.

இதை எடுத்துக்கொண்டு முதல்முறை கருப்பு வெள்ளைக்கென்றே மேலே போனது ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை, பதினொரு மணி வெயில். கேமராவிலேயே கருப்பு வெள்ளை மோட் இருந்தது. அதைப் போட்டு 140 படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பார்த்தால், கீழே ஒரே சாம்பல், மேலே வெளுத்துப்போன வானம். அவ்வளவுதான். காப்பிச் செடி, அதற்கு நிழல் கொடுக்கும் சில்வர் ஓக், அதன்மேல் ஏறும் மிளகுக் கொடி, பாறையில் பாசி என்று கண்ணுக்குப் பத்துப் பச்சை தெரிந்தது. படத்தில் எல்லாம் ஒரே பாத்திரத்தில் கரைத்த மாதிரி ஒன்றாகிவிட்டது. ஏற்காட்டில் கருப்பு வெள்ளை எடுப்பவர்களுக்கு முதல் எதிரி இந்தப் பச்சைதான். கலரில் எது அழகோ அதுவே இங்கே காலை வாரும்.

என்ன தப்பு என்று எனக்குப் புரியவைத்தவர் என் தாய்மாமா. டவுனில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். பள்ளிக்கூட லீவில் அவருடைய டார்க் ரூமில், போட்டோ கழுவும் ஹைப்போ ரசாயனத்தின் வாசனையோடு வளர்ந்தவன் நான். சிவப்பு பல்பு எரியும், போட்டோ அச்சிடும் ப்ரோமைடு பேப்பர் திறந்தே கிடக்கும், ஒன்றும் ஆகாது. சின்ன வயதில் ஏன் என்று கேட்டதற்கு, "அதுக்குச் சிவப்பு கண்ணு தெரியாதுடா" என்றார். அப்போது விளையாட்டாக எடுத்துக்கொண்டேன். அந்த 140 படங்களைக் காட்டியபோது அதையே திருப்பிச் சொன்னார்: "எந்தக் கலர் எவ்வளவு சாம்பலாகணும்னு நீதான் முடிவு பண்ணணும். நீ அந்த வேலையை மெஷின்கிட்ட விட்டுட்டே."

இதற்கு நம் பக்கத்திலேயே பழைய சாட்சி உண்டு. லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ கேப்டன், மதராஸ் மாகாண அரசின் போட்டோகிராஃபராக இருந்தவர், 1857-58இல் மாகாணத்தைச் சுற்றிப் படமெடுத்தார். ராயக்கோட்டை உட்பட அன்றைய சேலம் மாவட்டக் காட்சிகளும் அதில் உண்டு. (ராயக்கோட்டை இன்று கிருஷ்ணகிரி மாவட்டம்.) அவர் பயன்படுத்தியது காகித நெகடிவ். அந்தக் காலத்து ரசாயனத்துக்கு நீலம்தான் நன்றாகத் தெரியும். பச்சையும் சிவப்பும் தெரியாத குறை. அதனால் நீல வானம் அளவுக்கு மீறிப் பதிந்து, பிரிண்டில் வெறும் வெள்ளையாக வந்து நிற்கும். மனிதர் என்ன செய்தார் தெரியுமா? நெகடிவின் மேலேயே சாயம் தீட்டி மேகத்தை உண்டாக்கினார். மாமா செய்த நெகடிவ் டச்சிங்குக்கெல்லாம் தாத்தா அவர்.

நமக்கு அவ்வளவு கஷ்டம் இல்லை. கேமராவின் கருப்பு வெள்ளை மோடைத் தொடாதீர்கள், கலரிலேயே எடுங்கள். அந்த மோடில் எடுத்தால் கலர் விவரம் அப்போதே போய்விடும், பிறகு திரும்பக் கிடைக்காது. என் 140 படங்களின் கதி அதுதான். கலரில் எடுத்ததை போனில் ஸ்னாப்சீட் போன்ற செயலியில் கருப்பு வெள்ளையாக்கும்போது, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்று ஃபில்டர் கேட்கும். சிவப்பைத் தொட்டால் நீல வானம் கறுத்து மேகம் துருத்திக்கொண்டு வெளியே வரும். பச்சையைத் தொட்டால் இலைகள் வெளுக்கும். நீங்கள் போகும் மாதத்தில் காப்பிப் பழம் சிவந்திருக்கும். சாதாரணமாக மாற்றினால் பழமும் இலையும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாகி, பழம் காணாமல் போகும். சிவப்பு ஃபில்டர் போட்டுப் பாருங்கள், கறுத்த இலைகளுக்கு நடுவே பழங்கள் முத்து மாதிரி வெளுத்து நிற்கும். ரொம்பவும் இழுத்துவிடாதீர்கள். சின்ன கேமரா சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் ஃபைல் அதைத் தாங்காது, வானத்தில் கட்டம் கட்டமாகப் புள்ளி விழும்.

சரி, பனிக்கு வருவோம். சொல்ல வந்ததே அதுதான்.

இந்த மாதிரி காம்பாக்ட் கேமராக்களின் சென்சார், அதாவது படம் பதியும் சில்லு, சுமார் 6.2 × 4.6 மில்லிமீட்டர். சின்ன விரல் நகத்தைவிடச் சின்னது. பெரிய கேமராக்களில் ஃபுல் ஃபிரேம் என்கிறார்களே, அது 36 × 24. பரப்பளவில் நம்முடையது கிட்டத்தட்ட முப்பதில் ஒரு பங்குதான். இதனால் ஒரு லாபம், ஒரு நஷ்டம். பக்கத்தில் இருக்கும் புல்லும் தூரத்து மலையும் ஒன்றாகக் கூர்மையாக விழும், அது லாபம். கடும் வெயிலையும் அடர்ந்த நிழலையும் ஒரே படத்தில் தாங்கமுடியாமல் ஒன்று வெளுக்கும், இல்லையென்றால் இன்னொன்று கருகும், அது நஷ்டம். பனி இறங்கிய நேரத்தில் இந்த நஷ்டமே இல்லை. வெயிலும் கிடையாது, கறுத்த நிழலும் கிடையாது, எல்லா வெளிச்சமும் ஒரு சின்ன எல்லைக்குள் அடங்கிவிடும். லட்ச ரூபாய் கேமராக்காரருக்கும் உங்களுக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. போதாததற்குப் பச்சைப் பிரச்சினையும் தீர்ந்தது. மரத்தை மரத்திடமிருந்து நிறம் பிரிக்காத இடத்தில் தூரம் பிரித்துக் கொடுக்கும்.

ஒருமுறை பகோடா பாயிண்ட் போகும் ரோட்டில், காலை ஏழு மணி இருக்கும், எஸ்டேட் வேலி ஓரம் நின்றிருந்தேன். வரிசையாக மூன்று சில்வர் ஓக். முதல் மரம் பத்தடி தூரத்தில், மிளகுக் கொடி சுற்றி அதன் ஓரமெல்லாம் முடி முளைத்த மாதிரி, சுத்தக் கருப்பு. இரண்டாவது சாம்பல். மூன்றாவது இருக்கிறது என்று தெரிந்தால்தான் தெரியும். இலையிலிருந்து சொட்டும் நீர் குடையில் டப் டப் என்று விழுந்துகொண்டிருந்தது. காற்று வந்தால் மட்டும் ஒரு வேடிக்கை நடக்கும். சில்வர் ஓக் இலைக்கு மேல்பக்கம் பச்சை, அடிப்பக்கம் வெள்ளி. ஒரு கிளை முழுக்கத் திரும்பி, ஒரு நொடி வெளுத்து, மறுபடி அணைந்துவிடும். அதற்காகத்தான் காத்திருந்தேன். பழம் பறிக்கச் சாக்கோடு போன ஒரு அக்கா நின்று, "ஒண்ணுமே தெரியலையே சார், எதை எடுக்கறீங்க?" என்றார்.

"அந்த மரத்தைத்தாங்க."

"இருங்க, பத்து நிமிஷத்துல மேகம் ஏறிடும். அப்புறம் எல்லாம் தெளிவா தெரியும்" என்று எனக்காக நல்லது நினைத்துச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கோ அந்தப் பத்து நிமிஷம் போய்விடக் கூடாதே என்ற பதைப்பு.

பனியில் கேமரா இரண்டு இடத்தில் தடுமாறும். ஒன்று வெளிச்சம். கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர், எதைப் பார்த்தாலும் அது நடுச்சாம்பல் என்று நினைத்துக்கொள்ளும். வெள்ளைப் பனியைப் பார்த்து, வெளிச்சம் அதிகம் என்று தானாகக் குறைத்துவிடும். படம் சாயங்காலம் எடுத்தது மாதிரி அழுக்காக வரும். பிளஸ் மைனஸ் குறி போட்ட எக்ஸ்போஷர் பட்டனில் +2/3 அல்லது +1 வையுங்கள். இரண்டாவது ஃபோகஸ். வெறும் பனியில் பிடிக்க ஒன்றும் கிடைக்காமல் லென்ஸ் முன்னும் பின்னும் அலையும். மலைச் சின்னம் போட்ட மோட் இருந்தால் அதைப் போடுங்கள், இல்லையென்றால் மரத்தின் ஓரத்தில் வைத்துப் பட்டனைப் பாதி அழுத்திப் பிடித்துக்கொண்டு பிறகு ஃபிரேமை நகர்த்துங்கள். பாதி அழுத்தும்போது பெரும்பாலான காம்பாக்ட்களில் வெளிச்சமும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும் என்பதை மறக்கவேண்டாம். கறுத்த மரத்தை நடுவில் வைத்துப் பூட்டினால் பனி வெளுத்துவிடும். அப்போது அந்த +1 வேண்டாம்.

பனியும் தூரத்து மலையின் நீலப் புகைமூட்டமும் ஒன்றில்லை. லேடீஸ் சீட் என்ற மலைமுனையில் நின்று கீழே சேலத்தைப் பார்த்தால் கஞ்சமலை, ஜருகுமலை எல்லாம் நீலமாக மங்கித் தெரிகிறதே, அது காற்றும் அதிலுள்ள நுண்தூசியும் நீல ஒளியை அதிகமாகச் சிதறடிப்பதால் வருவது. அங்கே ஃபில்டர் வேலை செய்யும். சிவப்பு போட்டால் மூட்டம் குறைந்து மலை கிட்டே வரும், நீலம் போட்டால் மூட்டம் கூடி மலைகள் ஒன்றின்பின் ஒன்றாக அடுக்கடுக்காகப் பிரியும். எல்லோரும் சிவப்பைத்தான் சொல்வார்கள், எனக்கு நீலம்தான் பிடிக்கும். லென்ஸின் ஜூமை முழுக்க இழுத்து எடுங்கள், அடுக்குகள் நெருங்கி வரும். டிஜிட்டல் ஜூமை மட்டும் மெனுவில் அணைத்துவிடுங்கள். பனிமூட்டத்தில் இந்த வித்தை பலிக்காது. நீர்த்துளிகள் பெரியவை, எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி சிதறடிக்கும். எந்த ஃபில்டரைப் போட்டாலும் பனி பனியாகவே இருக்கும்.

டிரைபாட் தூக்கவேண்டாம். மலை ரோட்டுக் கைப்பிடிச் சுவரில் கைக்குட்டையைச் சுருட்டி வைத்து, அதன்மேல் கேமராவை உட்காரவைத்து, இரண்டு வினாடி டைமர் போட்டால் போதும். வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிப் பதியவேண்டும் என்று சொல்லும் ஐஎஸ்ஓ எண்ணை ஆட்டோவில் விடாமல் 80 அல்லது 100இல் நிறுத்துங்கள். ஆனால் 20 கொண்டை ஊசி வளைவிலும் நிறுத்தி நிறுத்தி எடுக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பின்னால் பஸ் வரும்.

மேலே பனியே இறங்கவில்லை என்றால் வீணாகச் சுற்றாமல் கீழே வந்துவிடுங்கள். சேலம் அடிவாரத்தில் மேக்னசைட் என்ற வெள்ளைக் கனிமத்தின் சுரங்க மேடுகள் குவிந்து கிடக்கும். சாய்வெயிலில் ரோட்டிலிருந்து பார்த்தாலே கருப்பு வெள்ளைக்கென்று செய்துவைத்த மாதிரி இருக்கும். திரும்பும் வழியில் ஏற்காடு ரோட்டிலேயே மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவாயில் வளைவு. கருப்பு வெள்ளைப் படங்களாக எடுத்துத் தள்ளிய சினிமா கம்பெனி, 1956இல் தமிழின் முதல் முழுநீளக் கலர் படத்தை எடுத்ததும் அவர்கள்தான். இன்று நிற்பது அந்த வளைவு மட்டும். அதையும் ஒன்று எடுத்துவையுங்கள்.

கடைசியாக பிரிண்ட். 10 மெகாபிக்சல் என்றால் 12 × 9 இஞ்ச் தாராளமாகப் போடலாம். அந்த மூன்று மரத்தை முதலில் ஒரு லேபில் கொடுத்தேன். மெஷின் தானாகத் திருத்தி, பனியை எடுத்துவிட்டு, மேலே லேசாகப் பச்சைச் சாயலும் பூசிக் கொடுத்தது. அடுத்த தடவை வேறு லேபில் "கரெக்‌ஷன் எதுவும் போடாதீங்க தம்பி" என்றேன். "டல்லா வரும் சார், அப்புறம் எங்களைச் சொல்லக் கூடாது" என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டுதான் போட்டார்.

அதை மாமாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"முதல் மரத்துக் கருப்பு சரியா இருக்கு. மூணாவதா என்னமோ இருக்கே, அது மரமா, பேப்பர்ல கறையா?"

"மரம்தான் மாமா."

"அப்ப சரி" என்று சொல்லி ஃபிரேம் போட எடுத்து வைத்துக்கொண்டார். இன்னும் திருப்பித் தரவில்லை.